கம்பளத்துக்கு முன்னால் தரை

நான் பவானிக்காரி. வீட்டுக்குள் குழித்தறி, வாசலில் காயும் சாயநூல், சோற்றில்கூட எப்போதாவது ஒரு பஞ்சுத் துணுக்கு என்று வளர்ந்தவள். இருபது வருடமாகச் சென்னையில் கம்பளங்கள் வடிவமைக்கிறேன். வருகிற வேலைகளில் பாதிக்கு மேல் பழைய கட்டடங்களுக்குத்தான். "பழைய ஆபீஸைப் புதுப்பிச்சாச்சு, உள்ளே என்ன போடலாம்?" என்று கேட்பவர்களுக்கு இத்தனை நாள் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது எழுதி வைக்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் ஜார்ஜ் டவுனில் நான் செய்த ஒரு கட்டடத்தை வைத்தே சொல்கிறேன். பெயர் வேண்டாம். நூறு வயதைத் தாண்டிய வணிகக் கட்டடம். கீழே கிட்டங்கி, மேலே அலுவலகம், தெருவைப் பார்த்த வராண்டாவில் வார்ப்பிரும்புக் கிராதி, நடுவில் ஒரே ஓட்டமாக மேலேறும் தேக்குப் படிக்கட்டு. முப்பது வருடம் பூட்டிக் கிடந்ததை ஒரு குடும்பம் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களை வைத்து மூன்று வருடம் பொறுமையாகச் சீர்செய்திருந்தது. நான் போனபோது சுவர் வெள்ளையாக, தரை காலியாக இருந்தது. "கம்பளம், நாற்காலி, லைட் எல்லாம் நீங்களே பார்த்துக்கங்க மேடம்" என்றார் மேலாளர்.

செருப்பைக் கழற்றிவிட்டு

முதல் நாள் டேப், கேமரா எதையும் எடுத்துப் போகாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு எல்லா அறைகளிலும் நடங்கள். எங்கே தரை சில்லென்று இருக்கிறது, எங்கே பிசுபிசுக்கிறது, எங்கே லேசாகச் சரிகிறது, எங்கே உள்ளே பொள்ளலாகச் சத்தம் வருகிறது என்பதையெல்லாம் கண்ணை விடக் கால் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். அந்தக் கட்டடத்தில் கீழ்த்தளம் கடப்பாக் கல். மாடியில் பெரிய ஹால் சிவப்பு ஆக்சைடு பூசிய காவித்தரை. வராண்டாவில் மட்டும் பூப்போட்ட பழைய டைல்ஸ். மூன்றுக்கும் மூன்று விதமான மரியாதை செய்ய வேண்டும்.

அடுத்தது, நிற்கிற தரை எதன் மேல் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்துச் சென்னைக் கட்டடமென்றால் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாக்காகச் சுண்ணாம்புக் கலவையில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கெட்டித்திருப்பார்கள். மொட்டைமாடியென்றால் அதற்கும் மேல் தட்டோடு. 1913-ல் திறந்த ரிப்பன் மாளிகையிலும் தேக்கு உத்திரம்தான். அதன் தரைத்தளத்தில் முதலில் பாவியிருந்ததும் கடப்பாக் கல்தான். இந்த மாதிரித் தளம் நடக்கும்போது துளி அசையும். அசைந்தால் பயப்பட வேண்டாம், மரம் அப்படித்தான். கவலைப்பட வேண்டியது, "தரை மேடுபள்ளமா இருக்கு, ரெண்டு அங்குலம் சிமென்ட் போட்டுச் சமன் பண்ணிடலாம்" என்று யாராவது சொல்லும்போதுதான். இரண்டு அங்குலச் சிமென்ட் தளம் சதுர அடிக்குச் சுமார் 10 கிலோ எடை. எங்கள் ஹால் 40 அடிக்கு 25 அடி, அதாவது ஆயிரம் சதுர அடி. பத்து டன்னை அந்தத் தேக்குக் கட்டைகளின் முதுகில் ஏற்றப் பார்த்தார்கள். நான் கம்பளக்காரிதான், பொறியாளர் இல்லை. ஆனாலும் அன்றைக்கு வாயைத் திறக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் மேடுபள்ளத்தைத் தடித்த அடிவிரிப்பே சரிக்கட்டிவிடும்.

கடைசியாக, அறை நடுவில் நின்று ஒரு முறை கையைத் தட்டுங்கள். 'டப்' என்று உடனே அடங்கினால் நல்லது. எங்கள் ஹாலில் சத்தம் 'டங்ங்' என்று 17 அடி உயரக் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. கல், சுண்ணாம்பு, கண்ணாடி. மெத்தென்ற பொருள் ஒன்றுகூட இல்லை. அங்கே இரண்டு பேர் ஒரே நேரத்தில் போனில் பேசினால் யார் எதைப் பேசுகிறார் என்றே புரியாது. அலுவலகத்தில் கம்பளத்தின் முதல் வேலை காதுக்குத்தான், கண்ணுக்கு அப்புறம். அந்தக் காலத்தில் இதே ஹாலில் பாய் விரித்திருப்பார்கள். போன் கிடையாது, பேனாவும் பங்காவும் போடுகிற சத்தம்தான். இன்றைய சத்தத்துக்கு அந்த ஏற்பாடு போதாது.

ஓதம்

ஓதம் என்றால் தரையிலும் சுவரிலும் காற்றிலும் இருக்கிற ஈரம். இந்த ஒரு விஷயத்தைப் பெரிதாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் நான் பட்டிருக்கிறேன்.

வேலைக்கு வந்த மூன்றாவது வருடம். வேறொரு பழைய வீடு, அலுவலகமாக மாறியது. கீழ்த்தளக் காவித்தரையில், கையால் டஃப்ட் செய்த கம்பளம் ஒன்றைப் போட்டேன். டஃப்ட் என்றால் துப்பாக்கி போன்ற கருவியால் நூலைத் துணிக்குள் குத்தி, பின்பக்கம் ரப்பர்ப்பால் பூசி, அதன்மேல் ஒரு துணியை ஒட்டுவது. முடிச்சுக் கம்பளத்தைவிட மலிவு, சீக்கிரம் முடியும். அக்டோபரில் விரித்தோம். மழை பிடித்தது. டிசம்பரில் அறையைத் திறந்தால் நனைந்த சாக்கு வாசனை. மூலையைத் தூக்கினேன், ரப்பர் மாவாக உதிர்ந்தது. கீழே தரையில், வழுக்காமலிருக்க நான் போட்டிருந்த ரப்பர் வலையின் கட்டங்கள் அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தன. கம்பளத்தைத் தூக்கி எறிந்துவிடலாம். எண்பது வருடத் தரையை எங்கே போய் வாங்குவது? அந்தக் கறை இன்னும் போகவில்லை. அதைச் செய்தது நான்தான், யார் மேலும் பழி போட முடியாது.

பழைய கட்டடத்தின் தரையும் சுவரும் மூச்சுவிடுகிறவை. அவற்றுக்கு அடியில் இப்போது போடுவதுபோல ஈரம் தடுக்கும் தாள் கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் ஏறும், வெயிலில் வெளியே போய்விடும். இந்தப் போக்குவரத்தை நீங்கள் மூடினால் ஈரம் வேறு வழி தேடும்: சுவர் உப்புப் பூக்கும், பெயின்ட் கொப்பளிக்கும், கம்பளம் நாறும். அதனால் என்ன செய்யலாம்?

ஒன்றரை அடி சதுரப் பாலித்தீன் தாள்களை வெட்டி, அறைக்கு நான்கைந்து இடத்தில் தரையில் வைத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். பழைய தரையில் பூச்சு உரியாத மென்மையான டேப்பாக இருக்கட்டும். குறைந்தது 16 மணி நேரம். நான் இரண்டு நாள் விடுவேன். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தாலோ, தரை அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ அங்கே கம்பளம் கிடையாது. இந்தச் சோதனையை ஏப்ரலில் செய்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில், அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் ஒரு தரம் செய்யாமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். ஜார்ஜ் டவுன் கட்டடத்தில் கீழே ஐந்து இடத்திலும் வேர்த்தது, மாடியில் எங்கேயும் இல்லை. முடிவு அங்கேயே ஆகிவிட்டது: கீழே கடப்பாக் கல் வெறுமனே, எண்ணெய்த் துடைப்போடு; வாசலில் ஒரு கயிற்றுப் பாய்; கம்பளமெல்லாம் மாடியில்.

சுவருக்கும் இதே நியாயம்தான். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர் விட்டுக் குழைத்த சுண்ணாம்புப் பூச்சின்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் சுவருக்கு ரெயின்கோட் போட்டுவிட்ட மாதிரி, உள்ளேயே வேர்க்கும். சுண்ணாம்பே அடியுங்கள். நிறம் வேண்டுமென்றால் காவி, மஞ்சள் மண் மாதிரியான மண் நிறங்களைச் சுண்ணாம்பிலேயே கலக்கலாம். அவை சுண்ணாம்போடு சண்டை போடாது.

இதிலிருந்து வந்ததுதான் என்னுடைய ஒரே கறாரான விதி. உள்ளே வைக்கும் எந்தப் பொருளும், ஒரு நாள் எடுத்துப் போனால் தடம் இல்லாமல் போக வேண்டும். பசை கிடையாது. ஓரத்தில் ஆணிப்பட்டை அடித்துக் கம்பளத்தை இழுத்துக் கட்டுவது கிடையாது. ரப்பர் அடிவிரிப்பு கிடையாது. கம்பளியையோ பஞ்சையோ அழுத்திச் செய்த ஃபெல்ட் விரிப்பு மட்டும்தான். ஒரு இடத்தில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் நான் வருவதற்குள் பூப்போட்ட டைல்ஸ் வழியாகவே ஆணிப்பட்டை அடித்துவிட்டார்கள். பதினொரு டைல்ஸ் விரிசல் விட்டன. அதற்குப் பிறகு இந்த விதியை வரைபடத்தின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறேன்.

அளவு

பழைய அறைகள் எதுவும் நேர்ச் சதுரம் இல்லை. நீளம், அகலம் அளப்பதோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். எங்கள் ஹாலில் இரண்டுக்கும் நான்கு அங்குலம் வித்தியாசம். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் சுவரை ஒட்டி ஒரு பார்டர் போட்ட கம்பளத்தை விரித்துப் பாருங்கள், ஒரு மூலையில் பார்டர் அகன்றும் மறு மூலையில் ஒடுங்கியும், அறையே கோணலாகக் கட்டியது போலக் காட்டிக்கொடுத்துவிடும். நூறு வருடமாக யாரும் கவனிக்காத கோணலை உங்கள் கம்பளம் ஊருக்குச் சொல்ல வேண்டாம்.

அதனால் சுவருக்குச் சுவர் போடாமல், சுற்றிலும் குறைந்தது ஒன்றரை அடி தரை தெரியும்படி விடுவேன். கோணல் அந்த வெறும் தரையில் கரைந்துவிடும். பழைய தரையின் அழகும் தெரியும், காற்றும் போகும், ஓரம் பெருக்கலாம். இன்னொரு லாபம், கம்பளத்தைத் திருப்பிப் போடலாம். தூண் இருக்கிற இடத்தில் கம்பளத்தில் வெட்டு விழாதபடி இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் சதுர அடி ஹாலுக்கு நான் போட்டது 9-க்கு 12 அடியில் நான்கு கம்பளங்கள்தான். ஒவ்வொன்றும் ஒரு கூட்டு மேஜைக்கு அடியில்.

கோலம் போட்டுப் பார்ப்பது

வடிவம் எங்கிருந்து எடுப்பது? புத்தகத்திலிருந்தும் வேண்டாம், இணையத்திலிருந்தும் வேண்டாம், அந்தக் கட்டடத்திலிருந்தே எடுங்கள் என்பேன். என்.எஸ்.சி. போஸ் சாலையில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் 1892-ல் திறந்த உயர் நீதிமன்றம்: குவிமாடம், வளைவு, வண்ணக் கண்ணாடி. எதிர்ப்பக்கம் 1940-ல் வந்த டேர் ஹவுஸ்: ஆர்ட் டெகோ, நேர்க்கோடு, வழவழப்பு. நடுவில் ஒரு சாலை. பேச்சு வேறு வேறு. ஒன்றுக்குப் போட வேண்டிய கம்பளத்தை மற்றதில் போட்டால் மாமியார் வீட்டுச் சடங்கில் தெரியாத ஆள் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

எங்கள் கட்டடத்தில் எடுக்க இரண்டு பொருள் இருந்தன: வராண்டா டைல்ஸ், வராண்டாக் கிராதி. டைல்ஸை எடுத்தால் தரையும் கம்பளமும் ஒரே பேச்சைப் பேசும், அலுப்பாகிவிடும். கிராதியை எடுத்தேன். வட்டத்துக்குள் எட்டு இதழ்ப் பூ, வட்டம் ஏழு அங்குலம். மெல்லிய தாளை வைத்துக் கரித்துண்டால் தேய்த்தால் அச்சு அப்படியே விழும். படம் எடுப்பதைவிட இது நல்லது, ஏனென்றால் அளவு மாறாது.

அதே ஏழு அங்குலத்தில் வரைந்து ஹால் நடுவில் விரித்துப் பார்த்தேன். அம்மை போட்ட மாதிரி இருந்தது. கிராதியை நாம் நேருக்கு நேர் பார்க்கிறோம். தரையைப் பத்தடி தள்ளி, ஐந்தடி உயரத்திலிருந்து, சாய்வாகப் பார்க்கிறோம். வட்டம் நீள்வட்டமாகச் சப்பிப்போகும், நுணுக்கமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தரைக்கு வரைவதைப் பெரிதாக, குறைவாக, இடைவெளி விட்டு வரைய வேண்டும்.

கணினியில் எவ்வளவு பார்த்தாலும் இது பிடிபடாது. அங்கே பெருக்கித் துடைக்க வரும் அக்காவிடம் சாக்பீஸைக் கொடுத்து, "அக்கா, இந்தப் பூவை நாலு பங்கு பெருசாக்கிக் கோலமாப் போட முடியுமா?" என்றேன். புள்ளி வைத்து, கால் மணி நேரத்தில் 28 அங்குலத்தில் ஆறு பூ போட்டுவிட்டார். எழுந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தவர், "எட்டு எதழு நெருக்கிக்கிட்டு நிக்குதும்மா. நாலு போதும்" என்றார். நாலு இதழை அழித்தார். வட்டத்தையும் அழிக்கச் சொன்னேன். நான் பதினைந்து நாளாகத் தேடிக்கொண்டிருந்தது தரையில் கிடந்தது. கிராதியைத் தெரிந்தவர்களுக்கு எங்கோ பார்த்த சாயல். தெரியாதவர்களுக்கு அமைதியான ஒரு பூ. காவித்தரையில் சாக்பீஸ் ஈரத்துணியில் போய்விடும், ஆகவே தைரியமாகப் போட்டுப் பாருங்கள். மேஜை நாற்காலி வரும் இடத்தையும் சாக்பீஸால் குறியுங்கள். மேஜைக்கு அடியில் மறையும் பூவுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அங்கே வெறும் நிறம் போதும்.

நிறத்துக்கு வருகிறேன். காவித்தரைப் பக்கத்தில் சிவப்புக் கம்பளம் போட எல்லாருக்கும் ஆசை வரும். போட்டால் தரை அழுக்காகத் தெரியும், கம்பளம் துவைக்காததுபோலத் தெரியும். நான் கருநீலத்தில் சாம்பலும் பழுப்பும் சேர்த்து முறுக்கிய கலப்பு நூலைத் தளமாகவும், பூவை மங்கின மஞ்சளாகவும் வைத்தேன். ஒரே தட்டையான கருநீலம் என்றால் ஒவ்வொரு நூல் பிசிறும் தெரியும். ஒரே தட்டையான வெளிர்நிறம் என்றால் முதல் வாரமே டீக் கறை. ஜார்ஜ் டவுன் தூசிக்கு ஒரு நிறம் உண்டு. கையில் ஒரு சிட்டிகை அள்ளி வந்து நூலோடு வைத்துப் பாருங்கள். தளநிறம் அதைவிட ரொம்பக் கருப்பாகவும் இருக்கக் கூடாது, ரொம்ப வெளுப்பாகவும் இருக்கக் கூடாது.

சாய நூல் மாதிரியைச் சின்னக் குஞ்சமாகக் கட்டித் தருவார்கள். அதை மேஜையில் வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், தரையில் வையுங்கள். காலை பத்து மணிக்கு, மாலை நான்கு மணிக்கு, விளக்குப் போட்ட பிறகு என்று மூன்று முறை. எங்கப்பா சொல்வார்: "கண்ணு, சாயத்த நெழல்ல வெச்சும் பாக்காத, வெயில்ல வெச்சும் பாக்காத, வாசப்படில வெச்சுப் பாரு." படி என்பது இரண்டும் சந்திக்கிற இடம். அப்புறம், ஒரே நூல், முனையை வெட்டிவிட்ட கம்பளத்தில் கருத்தும், வெட்டாமல் வளையமாக விட்ட கம்பளத்தில் வெளிறியும் தெரியும். ஆகவே நூலைப் பார்த்து ஒப்புதல் கொடுக்காமல், இரண்டடிக்கு இரண்டடி நெய்த மாதிரித் துண்டு வாங்குங்கள். அதை அலமாரியில் வைக்காமல் டீ வைக்கிற இடத்துக்கு முன்னால் பதினைந்து நாள் போட்டு வைத்து எல்லாரையும் மிதிக்க விடுங்கள்.

எந்த இடத்தில் எது

ஹாலுக்குக் கையால் முடிச்சிட்ட கம்பளிதான். பதோஹி, மிர்சாபூர் பக்கம் நெய்து வருகிறது. ரப்பரும் பசையும் இல்லாத கம்பளம் இது. பாவு, ஊடை, முடிச்சு, அவ்வளவுதான். ஓதக் காற்று அடிக்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. கம்பளி சுலபத்தில் தீப்பிடித்து எரியாது, கருகி நின்றுவிடும்; பழைய மரக்கூரைக் கட்டடத்துக்கு அதுவும் ஒரு நிம்மதி. ஆனால் நேரம் வேண்டும். கணக்குப் போட்டுக் காட்டினால்தான் முதலாளிகள் நம்புகிறார்கள்: 9-க்கு 12 அடி என்றால் 108 சதுர அடி. சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு என்றால் மொத்தம் 15 லட்சத்து 55 ஆயிரம் முடிச்சுக்கு மேல். ஒரு நெசவாளர் நாளுக்கு 8,000 முடிச்சு என்று வைத்துக்கொண்டால் 194 நாள். மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் 65 நாள். அதற்கு மேல் கழுவுவது, கத்தரிப்பது, காயவைப்பது, லாரி. திறப்பு விழாவுக்கு ஆறு மாதம் முன்னால் வடிவம் முடிந்திருக்க வேண்டும். பெரிய பூவுக்கு 100 முடிச்சுகூட அதிகம்தான். 60 போதுமென்று குறைத்தேன், காசும் நாளும் மிச்சமாயின.

சக்கரம் வைத்த நாற்காலிகள் ஓடுகிற வேலை அறைகளில் இதைப் போட்டால் வீண். அங்கே 50 சென்டிமீட்டர் சதுரக் கம்பளத் துண்டுகள், குட்டையான வளைய நெசவு. இவற்றைத் தரையில் பசை போட்டுத்தான் ஒட்டுவார்கள். துண்டுக்குத் துண்டு மூலையில் ஒட்டுகிற ஸ்டிக்கர் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். மொத்தமும் ஒரே விரிப்பாகத் தரையில் சும்மா கிடக்கும். இதன் முதுகும் பிளாஸ்டிக்தான் என்பதால் பழைய தரைக்கு மேல் முதலில் ஒரு ஃபெல்ட் அடுக்கு, பிறகு மெல்லிய பலகை, அதன்மேல்தான் துண்டுகள். நூற்றுக்கு ஐந்து துண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே சாயம் கிடைக்காது.

வாசலில் ஆலப்புழைக் கயிற்றுப் பாய். அலங்காரத்துக்கு ஒரு முழம் போடாமல், உள்ளே வருகிறவர் மூன்று நான்கு எட்டு அதன் மேல் வைக்கிற நீளத்துக்குப் போடுங்கள். மாடிக் கம்பளத்தின் ஆயுள் இந்தப் பாயின் நீளத்தில் இருக்கிறது.

எல்லாரும் கேட்பது, "உங்க ஊர் ஜமக்காளம் போடலையா?" என்று. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு, என் சொந்த ரத்தமும் உண்டு. ஆனால் பருத்தியில் மெல்லிசாகப் பட்டை பட்டையாக நெய்த விரிப்பு அது. நடைபாதையில் போட்டால் சுருண்டு காலை இடறும். ஊர்ப் பாசத்துக்காகத் தப்பான இடத்தில் போட்டு அதைக் கிழிய விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. மாடியின் கோடியில் ஒரு அறை, ஊழியர்கள் மத்தியானம் சாப்பிடுவதற்கு. அங்கே மேஜை வேண்டாமென்று அவர்களே சொன்னார்கள். பச்சை, ஊதா, மஞ்சள் பட்டை போட்ட நான்கு ஜமக்காளம் அங்கே விரித்தோம். உட்காருவதற்கு நெய்தது, உட்கார்ந்தார்கள். சாம்பார் கொட்டினால் துவைத்துக் காயப்போட்டுவிடலாம். அந்தக் கட்டடத்தில் எனக்கு மிகவும் பிடித்த அறை அதுதான்.

பத்தமடைக் கோரைப்பாயை அலமாரிக் கதவுகளுக்கு முகமாக வைத்தேன். தரையில் போடும் அளவுக்கு அது முரட்டுப் பொருள் இல்லை.

மற்ற சாமான்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். தடுப்புகள் தானாக நிற்பவையாக இருக்கட்டும், ஏழடிக்கு மேல் வேண்டாம். கூரையோரத்துக் கார்னிஸைத் தொடக் கூடாது. கூரை முழுசாகத் தெரிந்தால்தான் அறை அறையாக இருக்கும். உத்திரங்களை மறைத்துப் பொய்க்கூரை போடுகிறவர்களோடு நான் வேலை செய்வதில்லை. விளக்குகளைத் தரையில் நிற்கும் கம்பங்களில் வைத்து மேல்நோக்கித் திருப்புங்கள். வெள்ளைச் சுண்ணாம்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் குத்தாது. மின்விசிறிக்குப் பழைய கொக்கிகளையே சோதித்துப் பார்த்து, நீளத் தண்டு போட்டுக்கொள்ளலாம். மின்கம்பியைச் சுவரைக் கொத்திப் புதைக்காதீர்கள், சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை மேல் ஒரு மரப்பெட்டி ஓடவிட்டு அதற்குள் கொண்டுபோங்கள். ஏசியின் குளிர்காற்று நேராகக் கூரையில் அடிக்க வேண்டாம். குளிர்ந்த இடத்தில் ஓதக் காற்று வேர்க்கும். கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் (சி.எம்.டி.ஏ.) விசாரித்து, இருந்தால் அனுமதி வாங்கிய பிறகே உளி எடுங்கள்.

கம்பளம் கூர்மையான சத்தத்தைத்தான் விழுங்கும். ஆம்பளைக் குரலின் அடித்தொனியும் ஏசியின் உறுமலும் அதற்குப் பிடிபடாது. தடித்த திரை, துணி போட்ட நாற்காலி, நிரம்பிய புத்தக அலமாரி எல்லாம் சேர்ந்தால்தான் அறை அடங்கும். எல்லாம் வந்த பிறகு மறுபடி கை தட்டினேன். 'டங்' இருந்தது, இழுவை போயிருந்தது. பழைய கட்டடத்துக்கு அந்தக் கொஞ்சம் எதிரொலி இருக்கட்டும்.

பராமரிப்புக்கு ஒரு கோப்பு போட்டு அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வருவேன்: வரைபடம், சாய எண்கள், ஒவ்வொரு நூலிலும் ஒரு முழம். வாரம் இரண்டு முறை வாக்குவம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கம்பளத்தைத் தலைமாற்றிப் போடுதல், அப்போது அடியைப் பார்த்துப் பூச்சி இருக்கிறதா என்று தேடுதல். கம்பளியைத் தின்னும் பூச்சி இருட்டில், மேஜைக் காலடியில்தான் குடியிருக்கும். டீ கொட்டினால் தேய்க்கக் கூடாது, துணியால் ஒற்ற வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை யார் வந்து ஷாம்பு போடுகிறேன் என்றாலும் விடாதீர்கள். அந்த மாதங்களில் காயாது.

படிக்கட்டு

படிக்கட்டைக் கடைசியில் வைத்தேன், ஏனென்றால் எல்லாரும் அதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். இருபத்திரண்டு படி, தேக்கு. கம்பளம் போடாவிட்டால் ஷூ சத்தம் ஹால் வரை வரும், மரமும் தேயும். முழு அகலத்துக்கும் மூடினால் தேக்கு தெரியாது. நடுவில் ஓடுகிற பட்டைக் கம்பளம், இரண்டு பக்கமும் ஏழு அங்குலம் மரம் தெரிகிற மாதிரி. ஒவ்வொரு படியின் உள்மடிப்பிலும் ஒரு பித்தளைக் கம்பி அதைப் பிடித்துக்கொள்ளும். இதற்கு மட்டும் மரத்தில் சின்னத் திருகாணி போட்டுத்தான் ஆக வேண்டும். என் விதியை நானே மீறுகிற ஒரே இடம் இதுதான். நல்லவேளையாக அங்கே பழைய கம்பியின் ஓட்டைகள் அப்படியே இருந்தன. அவற்றுக்கே அளவெடுத்துக் கம்பி செய்தோம்.

நீளத்தை அளக்கும்போது ஒரு சூட்சுமம் இருக்கிறது. கால் வைக்கிற மிதிபலகை 11 அங்குலம், அடுத்த படிவரை நிமிர்ந்து நிற்கும் எழுச்சி 6 அங்குலம், ஆக ஒரு படிக்கு 17. இருபத்திரண்டு படிக்கு 374 அங்குலம், அதாவது 31 அடி 2 அங்குலம். அதோடு நிறுத்தாமல் ஒன்றரை அடி கூட்டி நெய்யச் சொல்லுங்கள். கூடுதல் துண்டை மேல்படியின் எழுச்சிக்குள் மடித்து மறைத்துவிடுங்கள். படிக்கம்பளம் முழுக்கத் தேயாது, படியின் மூக்கில், அதாவது முன்விளிம்பில் மட்டும்தான் தேயும். மூக்கு வெளிறத் தொடங்கும்போது கம்பிகளைக் கழற்றி, மொத்தக் கம்பளத்தையும் நான்கு அங்குலம் கீழே இழுத்தால் தேய்ந்த இடம் எழுச்சிக்குப் போய்விடும், புது இடம் மூக்குக்கு வரும். மேலே மடித்து வைத்ததிலிருந்து நான்கு அங்குலம் வெளியே வரும்; கீழே மிஞ்சுவதை முதல் எழுச்சிக்குள் மடித்துக்கொள்ளலாம்.

போன மாதம் அதற்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு ஆள் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று நானும் இரண்டு பையன்களும் மேலிருந்து ஒவ்வொரு கம்பியாகக் கழற்றிக்கொண்டே வந்தோம். மடிப்பைப் பிரித்தபோது ஆறு வருடமாக வெளிச்சம் படாத கருநீலம் உள்ளே அப்படியே இருந்தது. பக்கத்தில் இருந்த துண்டோடு வைத்துப் பார்த்தேன், அரை நிழல் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். பெருக்குகிற அக்கா தேங்காயெண்ணெய்த் துணியால் பித்தளையைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். நான்கு அங்குலம் இழுத்து, இருபத்திரண்டு கம்பியையும் திருப்பிப் போட்டு முடித்தபோது மணி ஆறே முக்கால். மேலே மடிப்பில் இன்னும் ஓரடிக்கு மேல் இருக்கிறது.